முப்பத்தோரு பென்ஸ்

சனிக்கிழமை, மணி இரண்டரை.
ஹம்பர் ஆற்றுக் காற்று
ஜன்னல் இடுக்கில் விரல் விட்டுப் பார்க்கிறது.
படிக்கட்டடி மீட்டரில்
முப்பத்தோரு பென்ஸ்.
அவசரக் கடனை வியாழக்கிழமையே தின்று தீர்த்தோம்.
சம்பளம் திங்கள்.

ரீஸுக்குச் சுட்ட கிழங்கு வேண்டும்.
மைக்ரோவேவில் வேண்டாமாம்:
"அதுல தோல் நனைஞ்ச சாக்ஸ் மாதிரி இருக்கும்மா."
ஒன்பது வயது.
சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

மூன்று கிழங்கு.
முளைக்கண்களை நான் தோண்டினேன்.
முள்கரண்டியை அவனிடம் கொடுத்து
குத்து என்றேன், ஆழமாக, எல்லாப் பக்கமும்.
குத்தாமல் விட்டால் வெடிக்கும்,
உள்ளே சேரும் ஆவிக்கு வழி வேண்டாமா.
குத்தினான்.
முதல் கிழங்கு பேசாமல்.
இரண்டாவதும் பேசாமல்.
மூன்றாவதில்தான் வந்தது
அவன் ஷூவைக் காட்டிச் சிரித்த பையனின் பெயர்:
ஜென்சன்.
ஜென்சன், ஜென்சன், ஜென்சன்.
போதும் என்று நான் சொல்லவில்லை.

எண்ணெய் தடவி, உப்பில் புரட்டி,
தட்டு வேண்டாம், கம்பிமேலேயே வைத்தோம்.
இருநூறு டிகிரி. ஒன்றேகால் மணி நேரம்.
ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன்
(உள்ளே அரை வெண்ணெய், ஒரு கடுகு பாட்டில்,
குளிர் அவற்றுக்கு இங்கேயே கிடைக்கும்).
டிவி, விளக்கு, எல்லாம் அணைத்தோம்.
வீட்டில் மிஞ்சியது
ஓவனுக்குள் ஒரு மஞ்சள் பல்பு.
கோட்டோடு தரையில் உட்கார்ந்து
கண்ணாடி வழியே பார்த்தோம்.
கதை மெதுவாகத்தான் நகர்ந்தது.
ஒரு கிழங்கு வியர்த்தது.
உப்பு ஒன்று பொரிந்து விழுந்தது.
"இப்ப அது சுருங்குது" என்றான்,
கோல் விழுந்ததைச் சொல்கிறவன் மாதிரி.

மூன்று இருபதுக்கு டக்கென்றது.
பல்பு போயிற்று.
விசிறியின் இரைச்சல் நின்ற பிறகுதான்
அது இவ்வளவு நேரம் இரைந்தது தெரிந்தது.
மாடியில் மிஸஸ் ஓல்ட்ராய்டின் ரேடியோ
யாருக்கோ மஞ்சள் அட்டை காட்டிக்கொண்டிருந்தது.

ரீஸ் கைப்பிடியைத் தொட்டான்.
திறக்காதே!
எனக்கே திடுக்கென்றது என் குரல்.
திறக்காதே, கண்ணே.
உள்ளே இருக்கிற சூடு ஏற்கெனவே காசு கொடுத்தது,
அதை யாரும் திரும்பக் கேட்க முடியாது.

இருட்டிக்கொண்டு வந்தது.
நான் ஆயிரத்து இருநூறு வரை எண்ணச் சொன்னேன்.
எழுநூற்று நாற்பதில் தடம் தவறி
அறுநூறிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.
நல்லதாயிற்று.

கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்தது,
மண்ணும் உப்புமாய் ஒரு வாசம்.
திறந்தே விட்டேன்,
முழங்காலாவது காயட்டும்.
கத்தி இறங்கியது.
நடுவில் மட்டும் ஒரு பிடிவாதம்,
அதை நான் எடுத்துக்கொண்டேன்.
வெண்ணெய் உருகுவதை
தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம்.

தோலை மென்றான். யோசித்தான்.
"ஒரு பக்கம் காஞ்ச சாக்ஸ்."

மூன்றாவது கிழங்கு நாளைக்கு.
இப்போதைக்கு அது
துண்டில் சுற்றி
அவன் ஸ்வெட்டருக்குள் இருக்கிறது.
அவ்வப்போது தொட்டுப் பார்த்து
எனக்குச் செய்தி சொல்கிறான்:
இன்னும் இருக்கும்மா.
இன்னும் இருக்கு.