இரண்டாம் வியாழன்

தலையில் இருபத்தொரு வயர்.
பசை தடவி ஒவ்வொன்றாய் ஒட்டுகிறாள் ஜெசிந்தா.
"இதில் எர்த் எதும்மா?"
என் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.
பள்ளத்தூர் முதல் கோட்டையூர் வரை
வீடு வீடாய் வயர் இழுத்தவன்,
காரைக்குடியில் ஒரு ஏசி அறைக்குள்
இன்று நானே ஸ்விட்ச் போர்டு.

போன வியாழன் ஒரு மாத்திரை. இன்று ஒன்று.
ஒன்றில் மருந்து, ஒன்று வெறும் மாவு.
எது எதுவென்று அவளுக்கும் தெரியாதாம்,
உறையிலிட்டு ஒட்டிவைத்திருக்கிறார்களாம்.
ஒரு மணி நேரம் கழித்து
எலுமிச்சைச் சாற்றில் அளந்து கலந்த சரக்கு.
இத்தனை மரியாதையாய்
கழனிவாசல் பாரில் யாரும் எனக்கு ஊற்றியதில்லை.

போன வாரம்
மூன்றாம் மிடறுக்கே வந்துவிட்டான்.
தோளில் கைபோட்டு, "சாத்தையாண்ணே" என்று
கம்பத்தில் போன என் தம்பியின் குரலில் பேசுகிறவன்.
திரையில் கோடுகள்
ஐப்பசி ஊருணி மாதிரி அகலமாய்த் தளும்பினவாம்.
நான் பார்க்கவில்லை.
அழுதுகொண்டிருந்தேன், சுகமாக.

இந்த வாரம் ஊதினேன்: மீட்டரில் அதே எண்.
தரையில் ஒட்டிய டேப்பின்மேல் நடந்தேன்: அதே கோணல்.
கிழநரி, நரைமயிர் என்று சொல்லச் சொன்னார்கள்,
நாக்கு அதே இடத்தில் மடங்கிற்று.
எல்லாம் ஏறியிருக்கிறது.
ஆள் மட்டும் வரவில்லை.

இந்தக் கோளாறு எனக்குத் தெரியும்.
லைனில் கரண்ட் இருக்கும், டெஸ்டர் எரியும்,
பல்பை மாட்டப் போனால் ஏறாது.
ஹோல்டருக்குள் பார்த்தால்
உடைந்துபோன பழைய பல்பின் அடி
கெட்டியாய் உட்கார்ந்திருக்கும்.
தானும் எரியாது,
இடத்தையும் விடாது.

"உறையைப் பிரிக்க வேண்டாம்மா,
இன்றைக்குத்தான் மருந்து" என்றேன்.
அவள் எழுதிக்கொள்ளவில்லை.
பசையைத் துடைக்க ஈரப்பஞ்சு கொடுத்தாள்.

மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை உட்காரவைத்து
ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.
தேவகோட்டை ரஸ்தா தாண்டும்போது
தம்பி பேரைச் சொல்லிப் பார்த்தேன், வெறும் வாயால்.
பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினார்.
அழுகை வரவில்லை.

எந்தக் கம்பம் என்பது ஞாபகம் வந்தது.
மணி நாலேகால் என்பது.
ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன், ஏறுடா என்று
கீழே நின்று சொன்னது
யார் என்பது.