காரணம்: அடுப்பு

நாலு பாகைக்குள் வைக்கவேண்டும் பெப்டைட்டை.
கிளிநொச்சியில் அன்று பகல் முழுக்க கரண்ட் இல்லை.
ஜெனரேற்றர் வைத்திருக்கிற கூல்பார்க்காரர்
அமலதாஸ் அண்ணையிடம் போய் நின்றேன்.
ஐஸ்பழப் பெட்டிக்கும் நெல்லிரசப் போத்தலுக்கும் நடுவில்
விரல்நீளக் குப்பி.
மூன்று அமினோ அமிலம் கைகோத்து
ஒரு செம்பைப் பிடித்துவைத்திருக்கும் நீலம்.

"குடிக்கிறதோ தங்கச்சி?"
"தோலுக்கு அண்ணை."
"வெள்ளையாக்கிற சாமானோ?"
"இல்லை. தழும்புக்கு."
வலக்கையை மெல்லக் காசுமேசைக்குக் கீழே இறக்கினார்.

செம்பென்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும்.
கிலோ கணக்கில் அதைக் கிண்டி விற்றுத்தான்
ஒரு வருசம் உலை வைத்தார்கள் புதுக்குடியிருப்பில்.
எனக்குத் தேவை மில்லிகிராம்.

தழும்பைப் பேனையால் இரண்டாகப் பிரிப்போம்.
மேற்பாதிக்கு ஒரு ரியூப், கீழ்ப்பாதிக்கு இன்னொன்று.
ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு.
எது எதுவென்று எனக்கும் தெரியாது.
விடை கொழும்பில்
ஓர் உறைக்குள் ஒட்டுப்பட்டுக் கிடந்தது.

படிவத்தில் ஏழாவது கேள்வி, தழும்புக்குக் காரணம்.
இருபத்தொரு பேர்.
அடுப்பு, அடுப்பு, அடுப்பு,
ஒருவர் மட்டும் மோட்டச்சைக்கிள் சைலன்சர்,
மறுபடி அடுப்பு.
தோள்பட்டையின் பின்பக்கத்தை அடுப்புச் சுடுமா
என்று நான் கேட்கவில்லை.
பேனையும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் கிழமை
விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வந்த தவமலர்
சட்டைக்கையை மடித்து நீட்டினார்.
அளவியை வைத்தேன். மேற்பாதி இளகியிருந்தது.
கீழ்ப்பாதியும்.
திரும்ப வைத்தேன். அதே.

"ரெண்டையும் கலந்து பூசினனீங்களோ அக்கா?"
"சீ. பிள்ளை எழுதித் தந்தமாதிரித்தான்,
இரவிலை மூண்டு நிமிசம், வட்டமாய்.
முதல் கிழமை கண்ணை மூடிக்கொண்டு பூசினன்.
இப்ப பாத்துப் பூசுறன்.
பதினாறு வருசமாய்
சவர்க்காரம்கூட அதிலை படவிடேல்லை நான்."

உறையைப் பிரித்தோம்.
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
மாதிரி போதாது என்று பேராசிரியர் சலித்துக்கொண்டார்.
அந்த மூன்று நிமிடத்துக்கு
எங்கள் அட்டவணையில் நிரல் இருக்கவில்லை.

மிச்சக் குப்பியை எடுக்கப் போனபோது
அமலதாஸ் அண்ணை கரண்ட் காசு வாங்கவில்லை.
"அந்த வெறும் களிம்பு இருக்கெல்லே,
அதிலை ஒண்டு தாங்கோ" என்றார்.
பிறகு, ஐஸ்பழப் பெட்டியை மூடியபடி,
"படிவம் இருந்தால்
எனக்கும் அடுப்பெண்டு போடுங்கோ."