உடைந்த பிஸ்கட்

டண்டீயில் எங்கள் தெருப் பெண்கள்
சணல் ஆலைத் தறிகளிடம் காதைப் பறிகொடுத்தவர்கள்.
நாலாம் மாடிச் சன்னலிலிருந்து எதிர்ச் சன்னலுக்கு
உதட்டாலேயே பேசுவார்கள், குரல் வராது.
எனக்கும் அது தொற்றிவிட்டது,
சளி பிடிப்பதுபோல.

பெட்ரி கடையில் உடைந்த பிஸ்கட் பாதி விலை.
கெஞ்சினால் அவரே ஒன்றிரண்டை உடைப்பார்.

அப்பாவுக்கு வேலை போன வாரம்
கடன் நோட்டோடு கடை வாசலில் நின்றேன்.
கண்ணாடிக்கு உள்ளே டீனி கூர்லேயின் உதடுகள்:
"அந்தப் பிள்ளை வந்தால் என் பேரில் எழுது.
அவள் அம்மாவிடம் மூச்சு விடாதே."

செவ்வாய்க்கிழமை துணிக்கொடி யாருக்கு என்ற சண்டையில்
அம்மாவும் டீனியும் பேசி
இரண்டு வருஷமாகிறது.

கதவைத் தள்ளினேன். மணி அடித்தது.
டீனி திரும்பவில்லை.
பெட்ரி தராசைப் பார்க்காமல்
முழு பிஸ்கட்டாக அள்ளிக்கொண்டிருந்தார்.

நானும்
எதையும் கேட்கவில்லைதானே.