முதலை கொன்ற வீரன்

கல்லடியில் ஒரு டியூஷன் மண்டபம், மேல்மாடி.
சீட்டுகள் பறக்கும் என்று
ஃபேனை நிறுத்திவிட்டார்கள்.
கீழே கொத்து ரொட்டிக் கடையின் தகரச் சத்தம்.
இறுதியாட்டம்.
இருவரும் ஒரே நேரத்தில் கை தூக்குகிறார்கள்
என்னைப் பார்த்து.

வாவிப்போர், அறுபத்து மூன்றாம் சீட்டு.
நடுமேசைச் சீட்டு; யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு.
'முதலை கொன்ற வீரன் மீண்டும் களம் இறங்கலாம்.'

கிதுர்ஷனின் வீரன் முதலையிடம் செத்துக்
குவியலில் கிடக்கிறான்.
அதே முதலையைக் கொன்ற ருமைஸாவின் வீரன்
களைப்பில் குறுக்காகச் சாய்ந்திருக்கிறான்.

"செத்தவன்தானே மிஸ் மீண்டும் வரணும்?
உயிரோட இருக்கிறவன் எங்க இருந்து வாற?"
"களைச்சவனும் களத்துக்கு வெளியதான்.
முதலைட வாயில போனவனையா
வீரன் எண்டு அச்சடிப்பாங்க?"

படத்தைப் பார்த்தேன்.
ஓர் ஈட்டி, ஒரு திறந்த வாய்,
நடுவில் ஒரு விரல் அளவு தண்ணீர்.
வரைந்தவன் தப்பித்துக்கொண்டான்.

ஆட்டத்தை உருவாக்கியவன் டோஹாவில் இரவு வேலையில்.
"அக்கா, ரெண்டாவது அர்த்தம் ஒண்டு இருக்கெண்டே
இப்பதான் பாக்கிறன்."
எது ரெண்டாவது என்று கேட்பதற்குள்
இணைப்பு அறுந்தது.

ஒரு 'யை' இல்லை, அவ்வளவுதான்.
சொல் ஏற்கெனவே ஐயில் முடிகிறது,
இன்னொன்று எதற்கு என்று
அச்சகத்தில் யாரோ நினைத்திருக்கலாம்.

பதினொரு வருடம் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.
ஒருமுறை ஒரு வாக்குமூலத்தில்
இதே போல ஒரு வாக்கியம் வந்தது.
முதலையின் இடத்தில் ஒரு மனிதரின் பெயர்,
வீரனின் இடத்தில் அவருடைய தம்பி.
சொன்னவள் அதற்குள் இறந்திருந்தாள்.
அடியில் கோடிட்டு
'மூலத்தில் உள்ளவாறு' என்று எழுதி
மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

இங்கே அப்படி எழுத இடமில்லை.
எனக்குப் பத்து நிமிடம்; அதில் ஆறு போய்விட்டது.

ருமைஸா பதினேழாம் சீட்டை நீட்டினாள்:
'வாள் எடுத்த வீரன்.'
"இதிலயும் ஐ இல்லையே மிஸ்,
விளங்கல்லையா எங்களுக்கு?"
கெட்டிக்காரி.
மண்டபம் என் பக்கம் திரும்பியது.

வாளுக்கு ஐ தேவையில்லை என்றேன்,
வாள் எழுந்து வந்து வீரனை எடுக்காது.
முதலைக்கு உயிர் இருக்கிறது.
உயிருள்ளது கொல்லும்.
அதுதான் சாகிறது என்றால்
எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லாதவரை, செத்தவன் வரட்டும்.

என் குரல் இவ்வளவு உறுதியாய் வந்தது
எனக்கே பிடிக்கவில்லை.

எழுந்து வந்த வீரன்
இரண்டு சுற்றில் மறுபடி செத்தான்.
கிதுர்ஷன் வென்றது வேறொரு சீட்டால்,
எந்தக் குழப்பமும் இல்லாத,
'மூன்று அடி' என்று மட்டும் எழுதிய சீட்டு.

கதிரைகளை அடுக்கும்போது பார்த்தேன்.
ருமைஸா தன் பெட்டியிலிருந்து
அறுபத்து மூன்றை உருவி,
பிளாஸ்டிக் உறையைக் கழற்றி,
பேனையால் 'யை' என்று
பொடியாக நுழைத்துக்கொண்டிருந்தாள்,
ஒற்றையும் விடாமல்.

"எழுதின சீட்டு போட்டிக்குச் செல்லாது."

"தெரியும் மிஸ்," என்றாள், மை காய ஊதியபடி.
"இது வீட்ட விளையாட."