திறப்புக்குப் பெயர் மாற்றுதல்

பீல் நகரசபை, மூன்றாம் மாடி.
ஐம்பத்தாறாயிரம் கோப்புகள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் பெட்டி,
பெட்டிக்குள் பெட்டி,
ஆக உள்ளே யாரோ ஒருவரின் தொலைபேசி இலக்கம்.

'பீல்' என்று கண்ட இடமெல்லாம்
'பீல்/பியென்' ஆக்கச் சொன்னார்கள்.
ஆக்கினேன்.
மறுநாள் பல்வைத்தியர் ஹன்ஸ்யோர்க் பீல்
கடிதத்தோடு படியேறி வந்து
இரண்டு மொழியிலும் ஏசினார்.

"பெறுமதியில் கை வைக்குமுன்
எந்தத் திறப்பின் கீழ் என்று பார்"
என்றாள் ஏஷ்லிமன், கோப்பியை ஊதியபடி.

இன்று திறப்புகளின் முறை.
'குடும்பப் பெயர்' போய்
'பதிவுப் பெயர்' வரவேண்டும்.
இருக்கிற திறப்புக்குப் பெயர் மாற்ற வழியில்லை.
புதிதாய் ஒன்று வெட்டி,
பெறுமதியை அதனிடம் கொடுத்து,
பழையதை அழிக்கவேண்டும்.
புதிதாய் வந்தது
வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

நிரல் இறங்குகிறது.
பெட்டி கண்டால்
தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு
இன்னும் உள்ளே.

ஓரிடத்தில் நான்:
முதற்பெயர் சுகிர்தா,
குடும்பப் பெயர் நல்லதம்பி.
நல்லதம்பி மெட்டில் இருக்கிறார்,
பஸ்ஸில் பத்து நிமிடம்.
அவர் கோப்பில் அவர் குடும்பம் வேலாயுதர்.
வேலாயுதர் எந்தக் கோப்பிலும் இல்லை.
கணினிக்கு நாங்கள் மூன்று குடும்பம்.

ஒருவரின் பெறுமதி
அடுத்தவருக்குத் திறப்பு.
இதை எழுத ஒரு வரி சேர்த்தேன்,
எடுத்துவிட்டேன்,
ஓடவிட்டேன்.
நான்கு நிமிடம். பிழை பூச்சியம்.

"ஃப்ராவ் நல்லதம்பி, முடிந்ததா?"
அப்பாவின் பெயருக்கு
நான் ஓம் என்றேன்.