கோர்ட் கலையும் வரை

படிவத்தில் பதினொன்றாவது கேள்வி:
எந்த வழக்கிலாவது
குற்றவாளி எனத் தீர்ப்பாகியுள்ளதா?
ஆம். இல்லை.
பக்கத்தில் கட்டம், ஓர் அரிசி படுக்கும் அளவு.

ஜெயிலுக்குப் போனதில்லை நான்.
கேட்டால் ஊரே சொல்லும்.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீடு, பின்வாசல்.
பர்மா தேக்கில் ஒற்றைக் கதவு,
நாலு பேர் தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள்.
"மொதலாளி விக்கச் சொல்லிட்டாரு,
பினாங்குலேர்ந்து போன் வந்துச்சு."
காரைக்குடிக்கு வாடகை எழுநூறு.
அதில் முந்நூறு இன்னும் வரவேண்டும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
யாராவது கதவு விற்பார்களா என்று
நான் கேட்கவில்லை.
அதுவும் நிஜம்.

தேவகோட்டை கோர்ட் வராந்தாவில்
வக்கீல் அடைக்கப்பன் காதோடு சொன்னார்:
"ஒத்துக்க, இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்.
இல்லாட்டி அஞ்சு வருசம் வாய்தா."
ஒத்துக்கொண்டேன்.
அபராதம் ஆயிரம்,
கோர்ட் கலையும் வரை காவல்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
என் தண்டனைக்கு உள்ளேயே
ஒரு ஜீவனாம்சம், ஒரு செக் மோசடி,
ரெண்டு ஹெல்மெட் கேஸ் நடந்து முடிந்தன.
ஏட்டையா டீ வாங்கித் தந்தார்,
காசு என்னுது.
அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது
நீதிபதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.
எல்லோரும் எழுந்தோம்.
கிறீச்சென்று ஒரு சத்தம்,
அதுதான் என் விடுதலை.

ஒன்பது வருஷம் ஆச்சு.
இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்ட இந்தப் படிவம்.
அடைக்கப்பன் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்:
"தண்டனை அன்னைக்கே முடிஞ்சிருச்சு, முத்தழகு.
தீர்ப்பு முடியாது.
நாம ஒத்துக்கிட்டதுக்கு
நாமளே அப்பீலுக்கு எங்க போறது?"
நாம என்றார்.
கையெழுத்து நான் மட்டும்தான் போட்டது.

கு ற் ற வா ளி.
விரல்விட்டு எண்ணினேன், அஞ்செழுத்து.
குளித்துவிட்டுத் திருநீறு பூசும்போது
சொல்வதும் அஞ்செழுத்துதான்.
திருநீறு ஒரு டிரிப் அடிப்பதற்குள்
வியர்வையில் போய்விடும்.

கதவு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது.
கேஸ் சொத்து என்று நம்பர் ஒட்டிக்
கிடங்கில் சாத்தி வைத்திருக்கிறார்கள்,
வெறும் சுவரில்.
பினாங்கிலிருந்து யாரும் வாங்க வரவில்லை.

ஆம் என்ற இடத்தில் டிக் அடித்துவிட்டேன்.
கீழே, 'விவரம்' என்று போட்டு
ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
எங்கிருந்து தொடங்க,
எழுநூறு ரூபாயிலா,
ராத்திரி ரெண்டு மணியிலா?