ஐந்தாவது பலகை

நெடுஞ்சாலைத் துறையில் எனக்கு இருபத்தாறு வருடம்.
நாற்பத்தோராம் மைலில்
இது நான் நடும் ஐந்தாவது பலகை.

முதலாவதில் மேஜர் எல்கனா ஸ்ட்ரோட் என்ற பெயர்,
அதன் கீழே, போர் நடந்த இடம்.
இங்கே அக்டோபரில் போர் என்றால் வைக்கோல்தான்,
ஓடைக்கு இந்தப் பக்கம் முழுக்க
உருட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.
ஒரு ராத்திரி யாரோ அந்தச் சொல்லின் மேல்
சிவப்புப் பெயிண்டில் படுகொலை என்று எழுதினார்கள்.
மறுவாரம் வேறு யாரோ அதன் மேல் தார் பூசினார்கள்.
சுரண்டச் சொல்லி உத்தரவு வந்தது.
சுரண்டினேன்.
இரண்டு சொல்லும் சேர்ந்தே உரிந்து வந்தன.

இரண்டாவதில் மோதல்.
மூன்றாவதில் சம்பவம், அது மாவட்ட வக்கீல் கொடுத்த சொல்.
வேலியை மாடு தாண்டினாலும் என் படிவத்தில்
சம்பவம் என்றுதான் எழுதுகிறேன்.

நான்காவது கொஞ்சம் நீளம்:
பனி விடியலில், கூடாரங்களில்,
நூற்றுப் பதினேழு செயேன் மக்கள் கொல்லப்பட்டனர்.
லியோட்டா க்ரே வில்லோ காரை நிறுத்தி இறங்கி வந்தாள்.
ரிசர்வேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர்.
இரண்டு தரம் படித்தாள்.
"இந்த வாக்கியத்துக்கு எழுவாய் எங்கே?" என்றாள்.
நான் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன்.
"என்னிடம் கேட்காதே, நான் நடுகிறவன்" என்றேன்.
அதிலும் ஓர் எழுவாய் இருந்தது என்று
வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

பிறகு ஒஹாயோவிலிருந்து மெரிட் ஸ்ட்ரோட் வந்தார்,
பல் டாக்டர், ஓய்வு பெற்றவர்,
நான்கு தலைமுறை தாண்டிய பேரன்.
பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம், மடக்கு நாற்காலிகள்,
பிளாஸ்டிக் உறைக்குள் மேஜரின் கடிதம்.
அடுத்த முகாமுக்கும் போகச் சொன்னார்கள்.
குதிரைகள் களைத்திருக்கின்றன என்று மறுத்துவிட்டேன்.
மெரிட்டின் குரல் உடைந்தது.
"மறுத்திருக்கிறார். கேளுங்கள், மறுத்திருக்கிறார்."

லியோட்டா எழுந்து, மீதியையும் வாசியுங்கள் என்றாள்.
நீ பின்னிய காலுறை கிடைத்தது.
வலது கால் மட்டும் சற்று இறுக்கம்.
அவ்வளவுதான். கையெழுத்து, தேதி.
யாரோ இருமினார்கள்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே உட்கார்ந்திருந்த நான்
என் வலது காலைப் பார்த்துக்கொண்டேன்,
ஏனென்று தெரியாது.

அங்கே எழுந்து சொல்லியிருக்கலாம்.
ஒவ்வொரு தரம் கம்பத்துக்குக் குழி தோண்டும்போதும்
மூன்றடியில் பல் வருகிறது.
குதிரைப் பல்.
களைத்த குதிரைகளுடையது அல்ல,
களைத்தவை மேஜருடையவை, அவை ஓய்வெடுத்தன.
இவை முகாமின் குதிரைகள்.
மூன்றாம் நாள் மந்தையையே சுடச் சொல்லி
தோட்டாக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறாராம்,
கூட்டல் பிசகாமல்.
ஐந்து குழிக்கும் சேர்த்து ஒரு காபி டப்பா நிறைந்துவிட்டது.
என் லாரியில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது,
மேட்டில் ஏறும்போது கலகலவென்கிறது.
யாரிடம் கொடுப்பது?
மியூசியம் மெரிட்டின் பணத்தில் நடக்கிறது.
லியோட்டாவின் வாசலில் போய் நின்று
என்னவென்று ஆரம்பிப்பது?

கமிட்டி பதினான்கு மாதம் பேசியது.
நிதியாண்டு முடிகிறது, பலகையையாவது நடு,
வாசகம் பின்னால் வரும் என்றார்கள்.
நட்டேன்.
வெறும் பழுப்புத் தகரம்.
முன்னெல்லாம் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனவர்கள்
இப்போது இறங்கி நின்று பார்க்கிறார்கள்,
பின்பக்கம் போய்ப் பார்க்கிறார்கள்,
ஒருத்தி விரலால் தடவிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை போனேன்.
எழுத்தே இல்லாத அதையும் சுட்டிருக்கிறார்கள்.
ஏழு ஓட்டை.
காற்று ஓடைப் பக்கமிருந்து வந்து
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக ஊதியது.

படிவத்தில், சேதத்துக்குக் காரணம்:
ஆலங்கட்டி, வாகனம், தெரியவில்லை.
ஒன்றை டிக் செய்ய வேண்டும்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
எஞ்சினை அணைக்காமல்
உட்கார்ந்திருக்கிறேன்.